ஐஸ் தொட்டியில் எதைக் கரைப்பது: கல்லுப்பா, கால்சியமா, கிளைக்காலா?

தங்கை வீட்டு மாப்பிள்ளை கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் குச்சி ஐஸ் போடப் பழைய மெஷின் ஒன்றை வாங்கிவிட்டார். முந்நூறு லிட்டர் தொட்டி, உள்ளே குளிரூட்டும் செம்புக் குழாய்ச் சுருள் (காயில்), கலக்கிவிட ஒரு சின்ன மோட்டார், எட்டு அச்சு. எல்லாம் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"மச்சானுங்க, தொட்டிக்குள்ள என்னத்தைங்க கரைக்கிறது? மெஷின் வித்தவரு கால்சியம்ங்கறாரு, மெக்கானிக்கு கிளைக்கால்ங்கறாரு, எங்கய்யன் கல்லுப்பே போதும்ங்கறாரு."

மூன்று பேர் சொன்னதிலும் பொய் இல்லை. பன்னிரண்டு வருடம் இதே தொழிலில் இருந்தவன் என்பதால், இந்த மூன்றில் இரண்டை வைத்து நானும் அவதிப்பட்டிருக்கிறேன். போனில் சொல்லி முடியாதென்று இங்கே எழுதுகிறேன்.

அச்சு, தொட்டித் தண்ணீரில் முங்கி நிற்கும். அச்சுக்குள் இருக்கும் சர்க்கரைத் தண்ணீர் உறைய வேண்டும், வெளியே இருக்கும் தொட்டித் தண்ணீர் உறையக் கூடாது. வெறும் தண்ணீரை ஊற்றினால் அது பூஜ்ஜியத்திலேயே கட்டியாகி, காயிலையும் அச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் எதையாவது கரைத்து அதன் உறைநிலையைக் கீழே இறக்க வேண்டும். எதைக் கரைத்தாலும் இறங்கும். எவ்வளவு இறங்கும், அதற்கு வேறு என்னென்ன விலை கொடுக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

இறங்குவது ஏன்? கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர்கள் எழுந்துகொண்டே இருக்கிறார்கள், வாசலில் நிற்பவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டும் சமமாக இருந்தால் பந்தி அப்படியே நிறைந்து நிற்கும். இப்போது வாசல் கூட்டத்தில் பாதிப்பேர் மேளக்காரரும் போட்டோக்காரரும் என்று வையுங்கள். அவர்கள் இந்தப் பந்தியில் உட்காரப் போவதில்லை, வழியை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுந்து போகிறவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள், உட்கார வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், இலை காலியாகிறது. ஐஸ் கட்டியின் மேல்பரப்பும் அப்படித்தான். அதில் போய் உட்காரத் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு மட்டுமே இடம். உப்போ சர்க்கரையோ நடுவில் நின்றால் உட்காரும் வேகம் குறைகிறது. எழுந்து போகும் வேகத்தையும் அதே அளவுக்குக் குறைக்க இன்னும் கொஞ்சம் குளிர் வேண்டும். அந்த இன்னும் கொஞ்சம்தான் உறைநிலைத் தாழ்வு.

இதில் நிற்பவர் யார் என்பது முக்கியமில்லை, எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. கரைப்பதை இரட்டிப்பாக்கினால் தாழ்வும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று 1788-லேயே சார்லஸ் பிளாக்டன் எழுதிவிட்டார். 1880களில் பிரான்சின் ராவுல் அதை மூலக்கூறு எண்ணிக்கையோடு இணைத்தார். ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு) துகள் கரைந்தால் 1.86 டிகிரி இறங்கும். எடையில் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒரு கிலோ தண்ணீரில் நூறு கிராம் வெள்ளைச் சர்க்கரை போட்டால் அரை டிகிரிதான் இறங்கும். அதே நூறு கிராம் குளுக்கோஸ் என்றால் ஒரு டிகிரி. உப்பு என்றால் ஏறக்குறைய ஆறு டிகிரி. சர்க்கரையின் மூலக்கூறு கனமானது, நூறு கிராமில் ஆள் எண்ணிக்கை குறைவு. உப்பு இலேசானது, அதோடு கரைந்ததும் சோடியம் ஒன்று, குளோரைடு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்துவிடும். கால்சியம் குளோரைடு மூன்றாகப் பிரியும்.

(பாலில் தண்ணீர் கலந்ததைப் பண்ணைகளில் கண்டுபிடிப்பதும் இதே வித்தைதான். நல்ல பால் −0.5 டிகிரிக்குச் சற்றுக் கீழே உறையும். மாட்டின் ரத்தத்தோடு சமநிலையில் ஊறி வருவதால் அந்த எண் பெரிதாக மாறாது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது பூஜ்ஜியத்தை நோக்கி ஏறும். பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரை ஏமாற்றச் சர்க்கரை போடுகிறவர்கள் உண்டு. அதையும் உறைநிலை பார்க்கும் மீட்டரையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.)

மாப்பிள்ளையின் அய்யன் சொன்ன கல்லுப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மலிவு. எந்த மளிகை மண்டியிலும் மூட்டையாகக் கிடைக்கும். நூறு லிட்டர் தண்ணீருக்கு 25 கிலோ போட்டால் எடையில் 20 சதவீதக் கரைசல், உறைநிலை −16.5. 28 கிலோ போட்டால் 22 சதவீதம், −19. அதிகபட்சம் 23.3 சதவீதத்தில் −21.1. அதுதான் உப்பின் தரைமட்டம். அதற்கு மேல் மூட்டையைக் கொட்டினாலும் கீழே போகாது, மாறாக உப்பே நீரோடு சேர்ந்து படிகமாகக் காயிலில் படிய ஆரம்பிக்கும். "இன்னும் ஒரு மூட்டை போட்டா இன்னும் ஜில்லுனு இருக்கும்" என்று நினைத்துக் கொட்டியவர்களின் தொட்டியை நானே சுரண்டிக் கொடுத்திருக்கிறேன்.

இங்கே நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. −19-ல் உறையும் கரைசல் இருப்பதால் தொட்டியை −18-ல் ஓட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். முடியாது. தொட்டித் தண்ணீர் −12 என்று மீட்டர் காட்டும்போது, காயிலின் மேல்பரப்பு அதைவிட ஆறேழு டிகிரி கீழே இருக்கும். இல்லாவிட்டால் சூட்டை இழுக்கவே முடியாது. தொட்டியை −15-க்கு இறக்கினால் காயில் −22-ஐத் தொடும், உப்புக் கரைசல் அதன் மேல் சட்டை போட்ட மாதிரி உறையும். அந்த ஐஸ் சட்டை சூட்டைச் சரியாகக் கடத்தாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், அச்சில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், ஈ.பி. பில் மட்டும் உறையும். ஆகவே உப்புத் தொட்டியின் நியாயமான ஓட்டம் −10 முதல் −12 வரை. பெரிய ஐஸ் பார் போடும் கம்பெனிகளும் உப்புத் தொட்டியை இந்த அளவையொட்டித்தான் ஓட்டுகின்றன.

உப்பின் இன்னொரு விலை துரு. எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு என்றால் இரண்டு கோடையில் பொரிந்துவிடும். எஸ்.எஸ். (எவர்சில்வர்) கூட 304 ரகம் என்றால் குளோரைடு பட்டுப் பட்டு ஊசிக்குத்து விழும். 316 கொஞ்சம் தாங்கும். திரும்பி வரும் குழாய் மேலிருந்து சளசளவென்று கொட்டும்படி வைத்திருந்தால் காற்று கரைந்து துரு இன்னும் வேகமாகும். குழாய் வாயைத் தண்ணீருக்குள் முக்கி வைத்தாலே பாதித் தொல்லை குறையும். இதற்குச் செலவு ஒரு எல்போ.

அடுத்தது மெஷின் விற்றவர் சொன்ன கால்சியம். கால்சியம் குளோரைடு என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள், கடையில் வேறு எதையாவது கட்டிக் கொடுத்துவிடப் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 15 சதவீதம் வரை எடைக்கு எடை பார்த்தால் கல்லுப்புதான் அதிகம் இறக்குகிறது. கால்சியத்தின் கெத்து அதற்கு மேலேதான். 20 சதவீதத்தில் −18, 25 சதவீதத்தில் −29, 30 சதவீதத்தை ஒட்டி −50 வரை போகும். மூன்று துகள் கணக்குப்படி 25 சதவீதத்துக்கு −17 அளவுதான் வர வேண்டும். ஆனால் கால்சியம் அயனி தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேளக்காரர் வழியை அடைத்ததோடு நிற்காமல் வாசலில் நின்ற உறம்பரையையும் (உறவினரையும்) கையைப் பிடித்துப் பேச்சில் உட்கார வைத்த கதை. கரைசல் கெட்டியாகும்போது எண்ணிக்கைக் கணக்கு உடைவது இப்படித்தான்.

தொட்டியை −20-க்குத் தைரியமாக இறக்கலாம். −12-ல் உறைய ஆகும் நேரத்தில் ஏறக்குறைய பாதியில் அச்சு தயாராகும். சித்திரை வெயிலில் ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி நடக்கும்போது இந்தப் பாதி நேரம் என்பது காசு. ஆனால் சும்மா வராது. ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் கரண்ட் இரண்டு மூன்று சதவீதம் கூடும்.

நான் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 25 சதவீதக் கரைசலுக்கு நூறு லிட்டருக்கு 33 கிலோ என்று பேப்பரில் கணக்குப் போட்டு, தராசில் நிறுத்து, பக்காவாகக் கரைத்தேன். இரண்டாம் நாள் காயிலில் வெள்ளைச் சட்டை. மெக்கானிக்கைத் திட்டினேன், கம்ப்ரஸரைத் திட்டினேன். கடைசியில் காலி மூட்டையைத் திருப்பிப் பார்த்தால், செதில் என்றும் அதற்குக் கீழே 77 சதவீதம் என்றும் அச்சடித்திருக்கிறது. செதில் வடிவத்தில் வருவதில் ஏறக்குறைய கால்வாசி ஏற்கனவே கோத்துக்கொண்ட தண்ணீர். நான் போட்ட 33 கிலோவில் உண்மையான சரக்கு 25 கிலோதான், கரைசல் 19 சதவீதம், உறைநிலை −16-ஐ ஒட்டி. 25 சதவீதம் வர 48 கிலோ செதில் போட்டிருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன், அவர் ஒரு டீயோடு விட்டுவிட்டார்.

கரைக்கும்போது இன்னொன்று. கல்லுப்பு கரைந்தால் தண்ணீர் லேசாகக் குளிரும். கால்சியம் கரைந்தால் சுடும். உருண்டையாக வரும் 94 சதவீத ரகம் என்றால் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். தண்ணீரில் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சரக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிரித்த மூட்டையைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து இரண்டு நாளில் கஞ்சியாகிவிடும்.

கடைசியாகக் கசப்பு. அச்சில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் போதும். உப்பு கசிந்தால் ஐஸ் கரிக்கும், வாங்கியவர் திட்டிவிட்டுப் போவார். கால்சியம் கசிந்தால் நாக்கில் வேப்பெண்ணெய் தடவியது போல ஒரு கசப்பு, முழு வண்டியும் திரும்பி வரும். விஷமில்லைதான், ஆனால் அதை அழுகிற குழந்தையிடம் விளக்க முடியுமா?

மெக்கானிக் சொன்ன கிளைக்கால் விஷயத்தில் முதலில் ஒரு எச்சரிக்கை. கிளைக்கால் இரண்டு வகை. லாரி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் பெரும்பாலும் எத்திலின் கிளைக்கால். குடித்தால் இனிக்கும், சிறுநீரகத்தைத் தீர்த்துவிடும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளில் அது கேன் கேனாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தின்பண்டத் தொட்டிப் பக்கம் கொண்டுவரவே கூடாது. நாம் பேசுவது உணவுத் தரப் புரோப்பிலின் கிளைக்கால்.

அது 40 சதவீதத்தில் −21, 50 சதவீதத்தில் −33. துரு விஷயத்தில் நிம்மதி, அதற்கான தடுப்பு மருந்து கலந்தே விற்கிறார்கள். கசிந்தாலும் ஆபத்தில்லை. ஆனால் உப்போடு விலையை ஒப்பிட்டால் தலை சுற்றும். அதைவிட எனக்குப் பிடிக்காதது அதன் கொழகொழப்பு. −15-க்குக் கீழே போனால் விளக்கெண்ணெய் போல நகரும். கலக்கும் மோட்டார் முக்கும், அச்சு ஓரத்தில் சூடு சரியாக மாறாது, உப்புக் கரைசலில் கிடைக்கும் வேகம் வராது. அச்சைத் தூக்கும்போதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும், காசு சொட்டுச் சொட்டாகப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாய்க்குள்ளேயே சுற்றும் மூடிய மெஷினுக்கு அது அருமையான சரக்கு. திறந்த தொட்டிக்கு வீண் பெருமை.

இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் "ஏனுங்க, யூரியா போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். விவசாயம் பார்க்கிற ஊர், கேள்வி நியாயம்தான். யூரியா உப்பு அளவுக்குத் துரு பிடிக்க வைக்காது. ஆனால் அதன் தரைமட்டம் −11-தான், 32.5 சதவீதத்தில். லாரிக்காரர்களுக்கு அந்த எண் எங்கேயோ கேட்டது போல இருக்கும். பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டி.இ.எஃப். திரவம் இதே 32.5 சதவீத யூரியாதான். குளிர் நாடுகளில் டேங்கில் கடைசி வரை உறையாமல் இருக்க வேண்டும் என்றுதான் அந்த விகிதத்தைப் பிடித்தார்கள். −11-ல் உறையும் தண்ணீரை வைத்துத் தொட்டியை −4-க்குக் கீழே ஓட்ட முடியாது. அதோடு மானிய யூரியாவை வயலைத் தவிர வேறு எதற்கும் திருப்புவது சட்டப்படிக் குற்றம்.

அச்சுக்கு வெளியே இவ்வளவு யோசிக்கிறோம், உள்ளேயும் இதே கதை நடக்கிறது. 15 சதவீதச் சர்க்கரைத் தண்ணீர் −1-ல் உறைய ஆரம்பிக்கும், ஆனால் −1-லேயே முடிந்துவிடாது. முதலில் வெறும் தண்ணீர் மட்டும் ஐஸாகிப் பிரியும், மீதிப் பாகு கெட்டியாகும், அது உறைய இன்னும் குளிர் கேட்கும். கடைசி வரைக்கும் கொஞ்சம் பாகு ஐஸ் இழைகளுக்கு நடுவில் நீராகவே நிற்கும். பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸை உறிஞ்சிய எல்லோருக்கும் இது தெரியும். இரண்டு இழுப்பில் சிவப்பும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும், குச்சியில் வெளுத்துப்போன வெறும் ஐஸ் நிற்கும். அமுச்சி (அம்மாவின் அம்மா) அதைப் பார்த்து, "ஐஸ்காரன் சாயத்தைத்தான் வித்திருக்கான் சாமி" என்பார்.

மாப்பிள்ளை கவுந்தப்பாடி நாட்டுச் சக்கரை போட்டு ஐஸ் போடுவதாக இருக்கிறார். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, ருசிக்குக் குறையில்லை. ஆனால் அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உடைந்த நிலையில் கொஞ்சம் இருக்கும். எடைக்கு எடை துகள் கூடுதல் என்பதால் வெள்ளைச் சர்க்கரை ஐஸைவிடச் சற்று மெதுவாக இறுகும், பெட்டியில் சீக்கிரம் இளகும். பாகில் எலுமிச்சை பிழிந்து ரொம்ப நேரம் கொதிக்கவிட்டாலும் சர்க்கரை உடைந்து இதே விளைவு வரும், எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். இங்கே மட்டும் குறைந்த தாழ்வுதான் நமக்கு வேண்டும். போர் தண்ணீரா, பவானி ஆற்றுத் தண்ணீரா என்று கேட்டார். லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு இருக்கிற சப்பைத் தண்ணீர்கூட உறைநிலையை 0.1 டிகிரிக்கு மேல் இறக்காது. உறைவதற்கு அது தடை இல்லை, ருசிக்குத்தான் தடை.

மெஷினே இல்லாமல் வீட்டில் குல்ஃபி போடுகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு ஒரு வரியில் முடிந்துவிடும்: மூன்று பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு, வேறு எதுவும் வேண்டாம். உப்பு பட்டதும் ஐஸ் உருகத் தொடங்கும், உருகுவதற்கான சூட்டைப் பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்தே இழுக்கும், −15-க்குக் கீழே சுலபமாகப் போகும். இங்கே காய்ந்த கால்சியத்தைப் போட்டால் அது கரையும் சூட்டிலேயே ஐஸ் பாதி போய்விடும்.

பழைய கரைசலை எங்கே கொட்டுவது என்பதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் நிலத்தை என்ன செய்யும் என்று நொய்யல் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீரோடு தேங்கியதும் உப்புதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையின் அடியிலும் அந்த உப்பு இருக்கிறது. முந்நூறு லிட்டர் அதற்கு முன்னால் தூசுதான், ஆனால் நம் மஞ்சக்காட்டு ஓரத்தில் கொட்டினால் அந்த மூலை சில வருடத்துக்கு நமக்கில்லை. நல்லவேளை, கரைசலை வருடா வருடம் மாற்றத் தேவையில்லை. அச்சிலிருந்து சொட்டும் தண்ணீரும் காற்றின் ஈரமும் சேர்ந்து நீர்த்துப்போவதை, கரைசலின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் வாரம் ஒருமுறை பார்த்து, குறைந்ததற்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும். சும்மா நிற்கும் மாதங்களில் டிரம்மில் மூடி வைத்துக்கொள்ளலாம்.

சரி, மாப்பிள்ளைக்கு என்ன சொன்னேன்? கல்லுப்பு என்றுதான் சொன்னேன். அவர் வாங்கியது பழைய மெஷின், எட்டு அச்சில் மூன்று பற்றவைத்தது. அது கசியாது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. வியாபாரம் மாசியிலிருந்து வைகாசி வரை நாலு மாதம். −12-ல் மெதுவாக உறைந்தால் ராத்திரி ஒரு ஈடு கூடப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கோடை தாண்டி அச்சும் காயிலும் புதிதாக மாற்றும் நாளில் 25 சதவீதக் கால்சியத்துக்குப் போகட்டும், மூட்டையில் 77-ஐப் பார்த்து நிறுக்கட்டும். கிளைக்கால் எல்லாம் கடைகளுக்குப் பாக்கெட் குல்ஃபி போடும் அளவுக்கு வளர்ந்து, மூடிய மெஷின் வாங்கும் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம். மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. முந்நூறு லிட்டர் தொட்டி என்றாலும் காயிலும் அச்சும் போக 240 லிட்டர்தான் பிடித்திருக்கிறது. 67 கிலோ உப்பு. வடிகட்டி எடுத்த கரைசலை எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டிருந்தார். கோடு 1.14-ல் நின்றது. 1.16 வந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். அடியில் இன்னும் கரையாமல் ஒரு பிடி கிடப்பதாகச் சொன்னார். ஒரு பிடிக்கு அந்த எண் அசையாது, பத்துக் கிலோவாவது கிடக்கும், கலக்குகிற மோட்டாரை விடிய விடிய ஓடவிட்டுக் காலையில் பாருங்கள் என்றேன்.

காலையில் 1.16.